முப்பத்தோராம் நாள்

வணக்கம் சார்,

உங்கள் கட்டுரைகளைச் சில வருடங்களாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. எனக்கு 38 வயது, ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. மாதாந்திர அறிக்கையைத் தயாரிப்பது நான். அதை மீட்டிங்கில் எடுத்துச் சொல்வது பக்கத்து இருக்கைக்காரர். ஆறு வருடமாக இப்படித்தான் போகிறது. அவர் மேல் வருத்தமெல்லாம் இல்லை, ஒவ்வொரு தடவையும் என் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். பத்துப் பேர் என்னைப் பார்த்தால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். பதவி உயர்வு இரண்டு முறை வந்தது. ஒரு குழுவின் முன்னால் பேச வேண்டியிருக்கும் என்பதால் இரண்டு முறையும் வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

போன மாதம் 'கம்ஃபர்ட் ஸோனை விட்டு வெளியே வா' என்ற 30 நாள் சேலஞ்சில் சேர்ந்தேன். தினமும் பயமான, அல்லது பிடிக்காத ஒரு காரியம். விடிகாலை ஐந்து மணிக்குப் பச்சைத் தண்ணீர்க் குளியல், ஒரு நாள் முழுக்கப் போன் இல்லாமல், தனியாக சினிமா, கயிற்றில் தொங்கிக்கொண்டு பள்ளத்தைக் கடப்பது. ஒன்றுவிடாமல் முடித்தேன். 31ஆம் நாள் மீட்டிங். மேலாளர் என்னைப் பார்த்து, "இந்த மாசம் நீங்களே சொல்லுங்களேன்" என்றார். என் கை தானாக ஃபைலைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளியது.

என் கணக்கை என் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. எனக்கு மன உறுதி போதவில்லையா? அடுத்து ஸ்கைடைவிங் போனால் பயம் விடுமா? இன்னும் பத்து நாளில் அடுத்த மீட்டிங்.

எம்.

அன்புள்ள எம்.,

ஸ்கைடைவிங் ஆசை இருந்தால் தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் தரையிறங்கிய மறுநாளும் ஃபைல் பக்கத்து இருக்கைக்குத்தான் போகும் என்று நினைக்கிறேன்.

இதை அனுபவத்தில் சொல்கிறேன். நாவல் எழுத வேண்டும் என்று எனக்குப் பத்து வருட ஆசை. கட்டுரை எழுதக் கை பழகிவிட்டது. நாவலுக்கு உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்தில் வயிறு கலங்கும். அந்தச் சமயத்தில், 41 வயதில், நீச்சல் கற்றுக்கொள்ளப் போனேன். தண்ணீர் என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். முதல் வாரம் குளத்தின் விளிம்பைப் பிடித்த கையை விடவே இல்லை. நான்கு மாதத்தில் ஆழமான பக்கத்தில் நீந்தினேன். எல்லோரும் பாராட்டினார்கள், இந்த வயதில் எவ்வளவு துணிச்சல் என்று. வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அந்த நான்கு மாதமும் நாவலை ஏன் தொடவில்லை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. காலையில் ஒரு பெரிய பயத்தை ஜெயித்துவிட்டு வருபவனை யார் கேட்பார்கள்? நாவலிடமிருந்து ஒளிந்துகொள்ள எனக்குக் கிடைத்த மிக கௌரவமான இடம் அந்த நீச்சல் குளம்.

உங்கள் முப்பது நாளையும் அந்தக் கணக்கில் முழுசாகச் சேர்த்துவிட மாட்டேன். நினைத்ததை முடிக்க முடியும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது, அது சும்மா வராது. ஆனால் அந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள். முப்பதில் எத்தனை காரியத்துக்கு வாயைத் திறந்து, உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் நாலு பேரிடம் எதையாவது சொல்ல வேண்டியிருந்தது? நீங்கள் எழுதியிருப்பதில் ஒன்றுகூட இல்லை. பயங்களிலேயே உங்களுக்கு வசதியானவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள்.

துணிச்சல் என்பது ஒரு தொட்டி, எந்தக் குழாயிலிருந்து ரொப்பினாலும் எந்தக் குழாயில் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இந்த சேலஞ்ச்காரர்கள் நம்புகிறார்கள். மனித மனம் அப்படி வேலை செய்வதாகத் தெரியவில்லை. 1980இல் எரிக்சன், சேஸ், ஃபலூன் என்ற மூன்று பேர் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். சாதாரண ஞாபகசக்தி உள்ள ஒரு கல்லூரி மாணவர், வாசித்துக்காட்டும் எண்களைத் திருப்பிச் சொல்லிப் பழகினார். ஆரம்பத்தில் நம் எல்லோரையும் போல 7 எண்கள். ஒன்றரை வருடத்துக்கு மேல், 230 மணி நேரத்துக்கும் அதிகமாகப் பயிற்சி செய்தபின் 79 எண்கள்! அவர் ஓட்டப்பந்தயக்காரர். 3492 என்று கேட்டால் மூன்று நிமிடம் 49.2 விநாடி, ஒரு மைல் ஓட்டத்தில் அன்றைய உலக சாதனைக்குக் கிட்டத்தட்ட வரும் நேரம், என்று மனதில் வைத்துக்கொள்வார். அப்புறம் எண்களுக்குப் பதிலாக எழுத்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு எழுத்தோடு நின்றுவிட்டார். ஒன்றரை வருட உழைப்பில் எண்கள் வளர்ந்தன, எழுத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அது ஞாபகசக்தி பற்றியது, பயம் பற்றியது இல்லை என்பீர்கள். சரி. இது நம் ஆட்கள் எப்போதோ கவனித்த விஷயமும்கூட. திருக்குறளில் 'அவை அஞ்சாமை' என்று ஒரு முழு அதிகாரமே உண்டு. போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்கள் எளிதாகக் கிடைப்பார்கள், அவையில் அஞ்சாதவர்கள்தான் அரிது என்கிறது அதில் ஒரு குறள். வாள் பிடித்த கைக்கே சபை தனிக் கணக்கு. பச்சைத் தண்ணீர்க் குளியல் எந்த மூலைக்கு?

பயம் எப்படிக் குறைகிறது என்பதற்கு எனக்குப் பிடித்த பழைய கதை ஒன்று உண்டு. மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர் 1924இல் எழுதியது. பீட்டர் என்ற குழந்தைக்கு, மூன்று வயதுகூட ஆகவில்லை, முயல் என்றால் பயம். பஞ்சு, ரோமக் கோட்டு எதைக் கண்டாலும் அழுவான். முதலில் முயலுக்குப் பயப்படாத குழந்தைகளோடு அவனை விளையாடவிட்டார்கள். கொஞ்சம் தேறினான். நடுவில் ஜுரம் வந்து ஏறக்குறைய இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. வெளியே வரும்போது ஒரு பெரிய நாய் பாய்ந்தது. பயம் பழைய இடத்துக்கே போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தார்கள். அவன் சாப்பிடும்போது கூண்டில் இருக்கும் முயலை, அவனுடைய சாப்பாட்டைக் கெடுக்காத தூரத்தில் வைத்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். கடைசியில் முயல் அவன் விரலைக் கடித்து விளையாடியது, அவன் பேசாமல் இருந்தான். பஞ்சு மேலிருந்த பயமும், கோட்டு மேலிருந்த பயமும் சேர்ந்தே போயின. அக்கம்பக்கத்துப் பயங்களுக்கு அந்தத் தைரியம் பரவியது என்று வையுங்கள். ஆனால் பக்கத்தில் நகர்ந்துவந்தது முயல்தான். அவனை யாரும் மலை உச்சிக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இப்போது உங்கள் முயலுக்கு வருவோம். ஃபைலைத் தள்ளிய அந்த விநாடியில் உங்களுக்கு எப்படி இருந்தது? வெட்கமெல்லாம் பிறகு வந்திருக்கும். முதலில் வந்தது 'அப்பாடா'. அந்த 'அப்பாடா'தான் விஷயமே. தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் உடம்புக்கு ஓர் இனிப்பு கிடைக்கிறது, அடுத்த முறையும் அது தப்பிக்கவே பார்க்கிறது. அதோடு, நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்க்கும் வாய்ப்பும் போகிறது. ஆறு வருடம் என்றால் சுமார் எழுபது 'அப்பாடா'. அத்தனை வருடப் பழக்கத்தை ஒரு மாத உற்சாகம் ஜெயிக்கவில்லை என்பதற்காக உங்கள் மன உறுதியைப் பழிக்காதீர்கள்.

அறிக்கை முழுவதையும் அடுத்த தடவை நீங்களே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பவும் வேண்டாம். அதுவும் ஒரு ஸ்கைடைவிங்தான். பக்கத்து இருக்கைக்காரர் நல்லவர் என்கிறீர்கள், அவரிடம் இன்றே சொல்லுங்கள்: இந்தத் தடவை நிலுவைத் தொகைப் பக்கம் வரும்போது நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், நான் இரண்டு வாக்கியம் சொல்கிறேன் என்று. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லலாம். எந்தப் பக்கம் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய பக்கமாக இருக்கட்டும். அடுத்த மாதம் அந்தப் பக்கம் முழுவதும், அதற்கடுத்த மாதம் இரண்டு பக்கம். பீட்டரின் கூண்டும் இந்த வேகத்தில்தான் நகர்ந்திருக்கும்.

ஒரு சிக்கல் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு முறை என்பது ரொம்ப நீண்ட இடைவெளி. முப்பது நாள் சும்மா விட்டால் பயம் திரும்ப வளர்ந்துவிடும். அதனால் நடுவில் சின்ன முயல்கள் வேண்டும். மீட்டிங் அறை காலியாக இருக்கும்போது உள்ளே போய் அந்தப் பக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு அவர் ஒருவர் மட்டும் கேட்க, பிறகு உங்கள் பிரிவில் மூன்று பேர். வேறு ஏதாவது கலந்துரையாடலில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உங்கள் அடுத்த முப்பது நாள் சேலஞ்ச் இதுவாக இருக்கட்டும். படம் எடுத்துப் போட ஒன்றும் கிடைக்காது, அது ஒன்றுதான் குறை.

பேசும்போது சில ஒளிவிடங்கள் தானாக முளைக்கும். கண்ணைத் தாளிலிருந்து எடுக்காமல் படிப்பது, மூச்சு விடாமல் வேகமாக முடிப்பது, "எனக்குச் சரியா பேச வராது, மன்னிக்கணும்" என்று முன்னுரை போடுவது. இந்த மூன்றில் கடைசியை முதல் நாளிலேயே விட்டுவிடுங்கள். மற்றவை மெதுவாகப் போகட்டும். நடுக்கத்தை அடக்கிக்கொண்டு அமைதியாகப் பேசவும் முயல வேண்டாம். அலிசன் வுட் புரூக்ஸ் 2014இல் வெளியிட்ட ஆய்வில், பேசப்போகும் முன் தங்களை அமைதிப்படுத்திக்கொள்ளப் பார்த்தவர்களைவிட, 'உற்சாகமாக இருக்கிறேன்' என்று தங்களுக்குச் சொல்லிக்கொண்டவர்கள் நன்றாகப் பேசினார்கள். பயத்துக்கும் உற்சாகத்துக்கும் இதயம் ஒரே மாதிரிதான் அடித்துக்கொள்கிறது. அதற்கு வேறு பெயர் வைப்பது, அதை நிறுத்துவதைவிடச் சுலபம்.

தொண்டை அடைப்பது மீட்டிங்கோடு நிற்காமல் கடை, போன், உறவினர் வீடு என்று எல்லா இடத்துக்கும் பரவியிருந்தால் ஓர் உளவியல் ஆலோசகரைப் பாருங்கள். இதே படிப்படியான வேலையைத்தான் அவரும் செய்வார், என்னைவிட நன்றாக.

பதவி உயர்வைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. கணக்கை அமைதியாக உட்கார்ந்து போடுவதில் சுகம் இருப்பவர் குழுத் தலைவராகித்தான் தீர வேண்டும் என்று சட்டமில்லை. கம்ஃபர்ட் ஸோன் என்று எல்லோரும் திட்டும் இடத்தில்தான் உங்களுடைய நல்ல வேலை நடக்கிறது. நீங்கள் கேட்பது வேறு, 'என் கணக்கை என் வாயால்'. கடிதத்திலேயே ரொம்பத் தெளிவான வாக்கியம் அது.

எனக்கு நாவல் இப்போது மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது. தினமும் அரைப் பக்கம், நாற்காலியை விட்டு எழாமல். சுமாராகத்தான் வருகிறது. நீச்சல் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

மீட்டிங் முடிந்ததும் எழுதுங்கள். கை நடுங்கியதா, குரல் உடைந்ததா என்றெல்லாம் வேண்டாம். நிலுவைத் தொகை எவ்வளவு என்று அந்த அறையில் யார் சொன்னார்கள், அதை மட்டும்.