படகில் பழைய ஏசியை மாற்றப் போகிறேன். இன்னும் பெரியதாகப் போடலாமா? பேட்டரியில் ஓட்ட முடியுமா?

கேட்டவரின் நிலைமை இது: கேபினில் இருக்கும் 16,000 பி.டி.யு (குளிர்விக்கும் திறனின் அளவு) ஏசிக்கு வயதாகிவிட்டது. நண்பகலில் குளிர்ச்சி தெரிவதில்லை, சில நேரம் தானாகவே நின்றுவிடுகிறது. கழற்றிவிட்டுப் பெரியதாக ஒன்று வைக்கலாமா, இரவில் ஜெனரேட்டர் போடாமல் பேட்டரியில் ஓட்டலாமா என்று கேட்கிறார்.

வைக்கலாம், ஓட்டவும் முடியும். ஆனால் புது மெஷினுக்குப் பணம் கட்டும் முன் ஒரு நாள் ஒதுக்கி, பழைய ஏசிக்குப் போகும் தண்ணீரைப் பாருங்கள். என் படகின் ஏசியைப் பல வருடங்களாக நானேதான் பார்த்துக்கொள்கிறேன். பக்கத்துப் படகுக்காரர்கள் கூப்பிட்டாலும் போய்ப் பார்ப்பேன். "ஏசி போயிடுச்சு" என்று சொல்லிக் கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் மெஷின் நன்றாகவே இருக்கும், தண்ணீர் வரும் வழிதான் அடைத்துக் கிடக்கும். அதைச் சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் அதுவும் இதே மாதிரி நிற்கும்.

வீட்டு ஏசி வெப்பத்தை வெளிக்காற்றில் கொட்டுகிறது. படகு ஏசி கடல் தண்ணீரில் கொட்டுகிறது. படகின் அடியில் உள்ள துளை வழியாக வரும் தண்ணீரை ஒரு பம்ப் எடுத்து, செம்பும் நிக்கலும் கலந்த உலோகச் சுருளுக்குள் அனுப்புகிறது. அங்கே வெப்பத்தை வாங்கிக்கொண்டு அது பக்கவாட்டில் வெளியே விழுகிறது. ஒரு டன்னுக்கு, அதாவது 12,000 பி.டி.யுவுக்கு, நிமிடத்துக்குச் சுமார் 11 லிட்டர் தண்ணீர் வேண்டும். உங்கள் மெஷினுக்கு ஏறக்குறைய 15 லிட்டர். அது குறைந்தால் கம்ப்ரஸரின் அழுத்தம் ஏறும், பாதுகாப்பு சுவிட்ச் மெஷினை நிறுத்தும். தானாக நிற்கிறது என்று நீங்கள் சொல்வது அனேகமாக இதுதான்.

சோதிப்பது எளிது. வெளியே விடும் ஹோஸை உள்ளேயே கழற்றி 10 லிட்டர் வாளிக்குள் விட்டு நேரம் பாருங்கள். 40 விநாடிக்குள் வாளி நிறைய வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆனால் நோய் எது என்று தெரிந்துவிட்டது. ஒரு தெர்மாமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. சரியான ஓட்டத்தில், வெளியேறும் தண்ணீர் கடல் நீரைவிட 6 டிகிரி செல்சியஸ் போலத்தான் சூடாக இருக்கும். 12 டிகிரி காட்டினால் தண்ணீர் பாதிதான் போகிறது என்று பொருள்.

குறைவாக வந்தால் கீழிருந்து மேலே பாருங்கள். படகுக்கு அடியில் தண்ணீர் எடுக்கும் வாயில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சின்னக் கடல் உயிரி) பிடித்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கும். பிறகு வால்வ், வடிகட்டிக் கூடை, பம்ப், கடைசியாகச் சுருள். சுருளைச் சுத்தம் செய்வதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதைப் பலர் செய்வதே இல்லை. அடி வால்வை மூடி, மெஷினின் இரண்டு ஹோஸ்களையும் கழற்றுங்கள். ஒரு வாளியில் இதற்கென்றே விற்கும் படிவு நீக்கும் திரவத்தை அதில் போட்டிருக்கும் அளவுப்படி கலந்து, சின்ன மூழ்கு பம்பால் சுருளுக்குள் சுற்றவிடுங்கள். முதல் சில நிமிடங்கள் வாளியில் திரும்பி விழுவது கலங்கலாக, பொங்கும் நுரையோடு இருக்கும். கூடவே வெள்ளையாகச் சின்னச் சின்ன ஓட்டுத் துணுக்குகள் வந்து வாளியின் அடியில் தங்கும். நுரை அடங்கும்வரை ஓடட்டும், அப்புறம் நல்ல தண்ணீரை விட்டு அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம், கேபினின் எல்லா ஜன்னல்களும் திறந்திருக்க வேண்டும். ஆசிட் வகையாக இருந்தால் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் திரவத்தோடு ஒருபோதும் கலந்துவிடாதீர்கள்.

சிலர் வந்து பார்த்த உடனே "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபமே வரும். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகிற பொருள் கிடையாது. ஒரே பெட்டியாக வரும் படகு ஏசி, ஃபிரிட்ஜ் போலத் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடப்பட்டது. கேஸ் குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பிக் கொடுப்பவரிடம் மறுபடி போகாதீர்கள்.

சரி, இவ்வளவும் பார்த்தாகிவிட்டது, தண்ணீரும் நன்றாகப் போகிறது, இன்னும் குளிரவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தாலும், சுருளில் உப்பு அரித்துப் பச்சை பூத்திருந்தாலும், செலவு செய்து பழையதை இழுத்துப் பிடிப்பதில் அர்த்தமில்லை. ஆர்-22 கேஸில் ஓடும் மெஷின் என்றால் இன்னும் ஒரு காரணம்: ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அந்தக் கேஸை உலகம் படிப்படியாகக் கைவிட்டு வருகிறது. அதற்குப் பதில் ஆர்-410ஏவை நிரப்பிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் அழுத்தம் ஆர்-22ஐவிடச் சுமார் 60 சதவீதம் அதிகம், பழைய கம்ப்ரஸரும் குழாய்களும் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை. இப்போது ஆர்-32 போன்ற வாயுக்களும் வருகின்றன. புவி வெப்பமாதலில் இவற்றின் பங்கு குறைவு, ஆனால் லேசாகத் தீப்பற்றக்கூடியவை. இந்த வகை வாங்கினால், எவ்வளவு சிறிய அறையில் வைக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லும் வரம்பை மீறாதீர்கள்.

இப்போது "பெரியதாக" என்ற கேள்வி. தோராயக் கணக்கு இப்படி: நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் கேபினுக்குச் சதுர அடிக்கு 60 பி.டி.யு, நடுத்தளத்துக்கு 90, கண்ணாடிகள் சூழ்ந்த மேல்தளத்துக்கு 120. கடும் வெயில் பகுதி என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். கீழ்க்கேபின் 12 அடிக்கு 10 அடி இருந்தால் 120 சதுர அடி, 7,200 பி.டி.யு போதும். அதே அளவு மேல்தள அறைக்கு 14,400 வேண்டும். இந்தக் கணக்குக்கு மேலே ஏற்றி வாங்கினால் மெஷின் இரண்டு நிமிடம் ஓடி அறையைக் குளிரவைத்துவிட்டு நிற்கும், ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை எடுக்க அதற்கு நேரமே இருக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும், மெத்தையடியில் பூஞ்சை பிடிக்கும். தவிர, பெரிய மெஷினுக்குப் பெரிய பம்ப், பெரிய டக்ட் (குளிர்காற்று போகும் குழாய்), தடித்த வயர் எல்லாம் வேண்டும். மெஷினை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விட்டால் பழைய குளிர்ச்சிகூடக் கிடைக்காது.

என் யோசனை: பெரியதாக ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு. படுக்கும் கேபினுக்கு 6,000 அல்லது 7,000, உட்காரும் அறைக்கு 12,000. இரவில் ஒன்று மட்டும் ஓடினால் போதும், ஒன்று பழுதானாலும் தூங்க இடம் இருக்கும். உங்கள் பேட்டரிக் கேள்விக்கும் இதுதான் வழி திறக்கும். மிகப் பெரிய படகுகளில் ஒரே இடத்தில் தண்ணீரைக் குளிரவைத்து அறை அறையாக அனுப்பும் முறை உண்டு, உங்களுக்கு அது தேவைப்படாது.

பொருத்தும்போது தண்ணீர்ப் பாதையைப் புதிதாகவே போடுங்கள், பழைய ஹோஸை நம்பாதீர்கள். ஏசிக்கென்று தனியாக ஒரு துளை வேண்டும். எஞ்சினோடு பங்கு போட்டால் எஞ்சின் ஓடும்போது அது இழுத்துக்கொள்ளும், ஏசி பம்புக்குக் காற்றுதான் கிடைக்கும். துளையின் வாய்மூடி முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், அப்போதுதான் படகு நகரும்போது தண்ணீர் உள்ளே தள்ளப்படும். பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். இந்த வகைப் பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றை உறிஞ்சி எடுக்காது. துளை, வடிகட்டி, பம்ப், மெஷின் என்று ஹோஸ் முழுக்க ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்காவது ஒரு மேடு இருந்தால் அங்கே காற்று போய் உட்கார்ந்துகொள்ளும், அலையில் படகு ஆடிய பிறகு "நேற்று ஓடியதே, இன்று ஏன் ஓடவில்லை" என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு இணைப்புக்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் இரண்டிரண்டு போடுங்கள். ஏசி ஹோஸ் ஒன்று கழன்றாலே படகு மூழ்கும், இங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது. பம்ப் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உயரமே இல்லாதபோது கிடைக்கும் அளவு. உங்கள் மெஷின் இருக்கும் உயரத்தில் எவ்வளவு வரும் என்று அட்டவணையில் பாருங்கள்.

அடுத்தது காற்று. இங்கே நிறையப் பேர் டக்ட் அளவில் ஏமாறுகிறார்கள். 6 அங்குல டக்டின் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலம். அதைப் பிரித்து இரண்டு 4 அங்குல டக்டாகக் கொண்டுபோனால் இரண்டும் சேர்ந்தே 25தான், நான்கும் நான்கும் எட்டு என்று தோன்றுகிறதே தவிர, பாதை குறுகிவிட்டது. 5 அங்குலத்தில் இரண்டு போட்டால் 39 கிடைக்கும், 7 அங்குல டக்ட் ஒன்றுக்குச் சமம். வளைவுகளைக் குறையுங்கள், டக்டைத் தளர்வாகத் தொங்கவிடாமல் இழுத்துக் கட்டுங்கள். காற்று திரும்பி உள்ளே வரும் கிரில், மெஷினின் கையேட்டில் கேட்ட அளவுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அலமாரிக் கதவில் அழகுக்காகச் சின்னதாக வெட்டினால் மெஷின் மூச்சுத் திணறும்.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்பது உயிர் சம்பந்தப்பட்டது. எஞ்சின் அறையிலிருந்தோ, கசிந்த தண்ணீர் தேங்கும் அடிப்பள்ளமான பில்ஜிலிருந்தோ காற்றை இழுத்தால் கார்பன் மோனாக்சைடு நேராகப் படுக்கைக்கு வரும். மணம் கிடையாது, நிறம் கிடையாது, தூங்குபவர் எழுந்திருக்க மாட்டார். மெஷின் வைக்கும் அறைக்கும் எஞ்சின் அறைக்கும் நடுவில் உள்ள வயர் துளைகளைக்கூட அடைத்துவிடுங்கள். காற்றிலிருந்து வடியும் தண்ணீருக்கான குழாயை எஞ்சின் அறையிலோ பில்ஜிலோ விடக் கூடாது, புகைபோக்கி வாய்க்கு 3 அடிக்குள்ளும் விடக் கூடாது. அந்தக் குழாய் வழியாகவும் புகை ஏறி வரும். படுக்கும் ஒவ்வொரு கேபினிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கட்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். சாதாரண கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில், ஓடும்போது எடுப்பதைப்போல மூன்று நான்கு மடங்குக்கு மேலும் ஆம்பியர் இழுக்கும். சின்ன ஜெனரேட்டர்கள் திணறுவது இதனால்தான். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறிய பெட்டியை மாட்டினால் அந்த உதறல் பாதிக்கு மேல் குறையும். வேகம் மாறும் இன்வெர்ட்டர் கம்ப்ரஸர் உள்ள மெஷின் வாங்கினால் அந்தப் பிரச்சினையே இல்லை, மெதுவாகக் கிளம்பி, தேவைக்கு ஏற்ப மெதுவாகவே ஓடும். கரை மின்சார இணைப்பில் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி (மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தாலும் சரி, கரை மின்சாரம் இணைத்திருக்கும் படகைச் சுற்றி யாரும் நீந்தக் கூடாது.

பேட்டரிக் கணக்கு இதோ. 16,000 பி.டி.யு பழைய வகை மெஷின் ஓடும்போது 1,300 வாட் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். இரவு 8 மணி நேரத்தில் 5 மணி நேரம் கம்ப்ரஸர் ஓடினால் 6.5 யூனிட். வேகம் மாறும் 7,000 பி.டி.யு மெஷின் சராசரியாக 350 வாட்டில் ஓடினால் அதே 8 மணி நேரத்துக்கு 2.8 யூனிட். 12.8 வோல்ட், 300 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 3.8 யூனிட் இருக்கும். பேட்டரியின் டிசி மின்சாரத்தை ஏசி மின்சாரமாக மாற்றுவதில் போகும் 10, 15 சதவீதத்தைக் கழித்தாலும் இரவு முழுக்கத் தாங்கும். ஈய பேட்டரி என்றால் பாதியைத்தான் பயன்படுத்த முடியும், எடையும் அதிகம், இந்த வேலைக்கு நான் சொல்ல மாட்டேன். இரவில் செலவழித்ததைக் காலையில் திரும்ப ஏற்ற வழி இருக்கிறதா என்பதையும் சேர்த்து யோசியுங்கள். 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் ஒன்றரை யூனிட் சுற்றித்தான் தரும். மீதியை எஞ்சினோ கரை மின்சாரமோ கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் முன்பாக, மேலே உள்ள கண்ணாடி ஜன்னல்களுக்குத் துணி உறையும் தளத்துக்கு ஒரு கூரைத்துணியும் போடுங்கள். உள்ளே வராத வெயிலை வெளியேற்ற மின்சாரம் தேவையில்லை.

பொருத்தி முடித்த அன்றே, அரை மணி நேரம் ஓடவிட்டு மூன்றை அளந்து மெஷின் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டுங்கள்: வாளி நிறைய எத்தனை விநாடி, உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் (8 முதல் 11 வரை இருந்தால் நல்லது), எத்தனை ஆம்பியர். பின்னால் எப்போது சந்தேகம் வந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சீட்டு இருக்கும்.

கேபின்களின் நீள அகலம், ஜெனரேட்டரின் வாட், இப்போதைய பம்ப் நீர்மட்டத்துக்கு மேலா கீழா என்பதை கமென்டில் சொல்லுங்கள், உங்கள் படகுக்கே கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.