வயர்மேன் பதில்கள்: மழை வந்தால் கரண்ட் போகும் வாசல் விளக்கு

கேள்வி: சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒயரை நேராக விளக்கில் இணைத்து, அப்படியே சுவரில் திருகிவிட்டார்கள். பின்னால் ஒயர் இணைப்பை மூடும் பாக்ஸ் கிடையாது. மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுகிறது, வெயில் அடித்ததும் சரியாகிவிடுகிறது. பாக்ஸ் வைத்தால் தீருமா? எப்படி வைப்பது?

பதில்: ஒழுங்காக வைத்தால் தீரும். அதுவரை ஆர்.சி.சி.பி.யைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைத்தான் பார்க்கிறது. ஃபேஸில் போகிற கரண்ட் முழுதாக நியூட்ரலில் திரும்பி வரவேண்டும். வழியில் எங்காவது கசிந்தால், வீடுகளில் போடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., கசிவு அந்த அளவை எட்டினாலே லைனைத் துண்டித்துவிடும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், விளக்குக்குப் பின்னால் டேப் சுற்றிய இணைப்பு ஈரச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது. காய்ந்ததும் கசிவு நின்றுவிடுகிறது, அவ்வளவுதான்.

முதலில் மெயினை இறக்குங்கள். விளக்கின் ஸ்விட்சை மட்டும் அணைத்துவிட்டுக் கை வைக்காதீர்கள். ஸ்விட்சை நியூட்ரலில் போட்டுவைத்த மகராசர்கள் உண்டு, அப்போது ஸ்விட்சை அணைத்தாலும் விளக்கில் ஃபேஸ் இருக்கும். டெஸ்டரையும் முன்னதாகவே கரண்ட் உள்ள ஒரு பிளக் பாயிண்டில் வைத்துப் பாருங்கள். எரியாத டெஸ்டரை நம்பி ஒயரைத் தொடுவது வேண்டாம்.

பாக்ஸ் மேல் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. சன்ஷேடுக்குக் கீழே என்றால் ஐ.பி.44 தாங்கும். திறந்த சுவருக்கு ஐ.பி.65 எடுங்கள். ஆனால் அந்த எண் ஓட்டை போடாத பாக்ஸுக்குத்தான். கிளாண்ட் (ஒயரை இறுக்கிப் பிடித்துச் சுற்றியுள்ள இடைவெளியை அடைக்கும் திருகு மூடி) இல்லாமல் ஒயரைச் செருகிய நிமிடமே அதற்கு மதிப்பில்லை.

இனி மாட்டுவது. காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாக்ஸாகப் பார்த்து வாங்குங்கள். திருகாணி உள்ளே இறங்காது, உள்பக்கம் ஓட்டையில்லாமல் இருக்கும். உள்ளே அடித்தே ஆகவேண்டும் என்றால் ஒவ்வொரு திருகாணித் தலையையும் சிலிகானால் மூடுங்கள். சுவரில் பிளாஸ்டிக் பிளக் (திருகாணியைப் பிடிக்கும் குழல்) சைஸுக்கே பிட் போட்டு, பிளக் நீளத்தைவிடச் சற்று ஆழமாகத் துளைத்து, தூளை ஊதிவிட்டுப் பிளக்கை அடியுங்கள். பிளக் பூச்சோடு நிற்கக்கூடாது, செங்கல்லுக்குள் போகவேண்டும். பூச்சில் மட்டும் பிடித்தது கொஞ்ச நாளில் பூச்சையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரும். ஹாலோ பிளாக் என்றால் அதற்கென்றே விரியும் பிளக் இருக்கிறது. விளக்கின் கனத்தைப் பாக்ஸோ சுவரோ தாங்கவேண்டும், ஒயர் ஒருபோதும் தாங்கக்கூடாது.

சுவருக்குள்ளிருந்து வரும் பைப்பின் வாயைச் சுற்றி சீலண்ட் போட்டபிறகு பாக்ஸை அதன் மேல் பொருத்துங்கள். ஒயர் வெளியே சுவரோடு வந்தால் பாக்ஸின் அடியிலிருந்து கிளாண்ட் வழியாக நுழையட்டும். நுழையும் முன் கீழே ஒரு தொங்கல் வளைவு விட்டால், ஒயர் மேல் ஓடிவரும் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அடுத்ததைத்தான் நிறைய பேர் கெடுப்பது. பாக்ஸுக்கும் சுவருக்கும் இடையில் மேல்பக்கத்திலும் இடது, வலது ஓரங்களிலும் மட்டும் சிலிகான் போடுங்கள். அடிப்பக்கத்தை விட்டுவிடுங்கள். எவ்வளவு அடைத்தாலும் ஈரம் உள்ளே வரும்: பகலில் சூடாகி விரிந்து வெளியேறிய காற்று, இரவில் குளிரும்போது ஈரத்தோடு திரும்ப உள்ளே இழுபடும், துளியாகப் படியும். அதற்கு வெளியேற வழி வேண்டும். சில பாக்ஸில் அடியில் குத்தித் திறக்க அடையாளமே கொடுத்திருப்பார்கள். நாலு பக்கமும் அடைத்து, அதைக் கைத்திறமை என்று காட்டுகிறவரிடம் கொஞ்சம் தள்ளியே நில்லுங்கள்.

உள்ளே முறுக்கி டேப் சுற்றுவது வேண்டாம், கனெக்டர் போடுங்கள். உலோக விளக்கென்றால் எர்த் கட்டாயம். சுவரில் எர்த் ஒயரே இல்லையென்றால் புதிதாக இழுக்கவேண்டும். அல்லது சதுரத்துக்குள் சதுரம் போட்ட, எர்த் தேவைப்படாத விளக்காக மாற்றவேண்டும். எர்த் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாவிட்டால் உரிமம் உள்ள வயர்மேனைக் கூப்பிடுங்கள், இதில் ஊகம் கூடாது.

கேள்வி: இரும்பு பாக்ஸ் நல்லதா, பிளாஸ்டிக்கா?

பதில்: வெளியில் பிளாஸ்டிக். வெயில் தாங்கும் ரகமா என்று மட்டும் பாருங்கள். இரும்புக்கு எர்த்தும் கொடுக்கவேண்டும், துருவோடும் மல்லுக்கட்டவேண்டும்.

கேள்வி: பாக்ஸ் முழுக்க சிலிகானை நிரப்பிவிட்டால் தண்ணீர் பிரச்னையே இருக்காதே?

பதில்: பிறகு அதைத் திறந்து பார்ப்பது யார்? ஒரு பழுது என்றால் ஒயரை அறுத்துத்தான் எடுக்கவேண்டும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் என்றால் அந்த அமிலம் செம்பையும் அரிக்கும். சுவரோரத்துக்குப் போடுவதற்கும் வாடையில்லாத நியூட்ரல் ரகத்தையே வாங்குங்கள்.