மேரிலாண்ட் மாநிலத்தில் கல்லூரியில் படித்தபோது, இரண்டு வருடத்துக்கு முன்பு, நாலைந்து முறை கஞ்சா புகைத்திருக்கிறேன். அமெரிக்காவில் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (அரசின் ரகசியத் தகவல்களைக் கையாளும் அனுமதி) கிடைக்குமா? விண்ணப்பப் படிவத்தில் அதை எழுத வேண்டுமா?

எழுதுங்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு நாலைந்து முறைதான், மேரிலாண்டில் அது குற்றமே இல்லையே என்கிறீர்கள். மாநிலச் சட்டம் இங்கே உதவாது. மத்திய அரசின் சட்டப்படி கஞ்சா இன்னும் சட்டவிரோதம்தான். கிளியரன்ஸ் தருவது மத்திய அரசு.

எனக்கும் இதே நிலைமை இருந்தது. கிளியரன்ஸுக்கு நிரப்ப வேண்டிய எஸ்.எஃப்-86 படிவத்தின் 23ஆம் பிரிவு, கடந்த 7 வருடங்களில் போதைப்பொருள் எடுத்தீர்களா என்று கேட்கும். இரண்டு ராத்திரி அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போய்விடுமோ என்பதைவிட, அக்கம்பக்கத்தில் விசாரித்து அம்மா அப்பாவுக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. நம் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் "இல்லை" என்று டிக் செய்வது இந்தப் பயத்தால்தான் என்று நினைக்கிறேன்.

கடைசியில் ஆறு முறை என்று உள்ளபடி எழுதினேன். விசாரணை அதிகாரி நேரில் வந்தபோது எப்போது, எங்கே, யார் கொடுத்தது, இனிமேல் தொடுவீர்களா என்று கேட்டார். முகம் சுளிக்கவில்லை. பல மாதம் காத்திருந்த பிறகு கிளியரன்ஸ் வந்தது.

என் அறைத்தோழன் "இல்லை" என்று எழுதினான். ஆனால் அதற்கு முன்பே வேறொரு அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் உண்மையைச் சொல்லியிருந்தான். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள், அவ்வளவுதான். மறுப்புக் கடிதத்தில் கஞ்சாவைப் பற்றி இருந்தது இரண்டு வரி. மீதி முழுக்க அவன் மறைத்ததைப் பற்றி. நல்ல பையன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு வலிக்கிறது.

கிளியரன்ஸ் தரலாமா என்று முடிவுசெய்ய 2017 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளில் மொத்தம் 13 அளவுகோல்கள். போதைப்பொருள் அதில் ஒன்று, நேர்மையும் நடத்தையும் இன்னொன்று. முதலாவதுக்கு ஆறுதல் உண்டு: எவ்வளவு காலம் ஆயிற்று, எத்தனை முறை, நிறுத்திவிட்டீர்களா என்று பார்ப்பார்கள்; இனி தொடமாட்டேன் என்று கையெழுத்திட்டுக் கொடுப்பதும் கணக்கில் வரும். பழைய கஞ்சாப் பழக்கம் மட்டுமே முடிவைத் தீர்மானிக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் தேசிய உளவுத்துறை இயக்குநர் அலுவலகமும் தெளிவுபடுத்தியது. தெரிந்தே பொய் எழுதுவதோ 5 வருடம் வரை சிறைக்குரிய குற்றம். அந்த 23ஆம் பிரிவில் சொல்லும் உண்மையை உங்கள் மேல் குற்ற வழக்குக்குச் சாட்சியமாகப் பயன்படுத்த மாட்டோம் என்று படிவத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அதை நிதானமாகப் படியுங்கள்.

அப்புறம், பரீட்சைக்காக நண்பனிடம் அடரால் மாத்திரை (கவனம் கூடுவதற்கு டாக்டர் எழுதித் தருவது) வாங்கிப் போட்டிருந்தால் அதுவும் இதில் சேரும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

இன்றிலிருந்து எதையும் தொடாதீர்கள், கஞ்சா கலந்த கம்மி மிட்டாய் உட்பட. கிளியரன்ஸ் கையில் இருக்கும்போது எடுத்தால் அதற்கு 7 வருடக் கணக்கு கிடையாது, எப்போதானாலும் சொல்லியாக வேண்டும். ஒருவேளை ஏற்கெனவே "இல்லை" என்று அனுப்பிவிட்டீர்கள் என்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலையே நிறுவனத்தில் கிளியரன்ஸ் விஷயங்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் போய்த் திருத்திக் கொடுங்கள். கேட்பதற்கு முன் தானாகவே திருத்தியதை விதிகள் உங்களுக்குச் சாதகமாகவே எடுத்துக்கொள்கின்றன.