பள்ளிக் கணக்கில் பிரச்சினை சார்ந்த கற்றல் பலன் தருமா, நேரம்தான் வீணா?

கேட்டவர் ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும். பாடமே முடியவில்லை, இதில் புது முறை வேறா என்ற எரிச்சல் கேள்வியிலேயே தெரிகிறது. நான் பள்ளி ஆசிரியை இல்லை. வடசென்னையில் மீன்பிடித் துறைமுகம் இருக்கும் காசிமேட்டில், மொட்டைமாடியில் 11 வருடமாக டியூஷன் எடுக்கிறேன். 'டியூஷன் அக்காவுக்கு என்ன தெரியும்' என்பவர்கள் இத்தோடு நகர்ந்துவிடலாம்.

பிரச்சினை சார்ந்த கற்றல் டாக்டர் படிப்புக்காக வந்த முறை. 1960களின் கடைசியில் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், நோயாளியின் பிரச்சினையை முதலில் கொடுத்து, என்ன படிக்க வேண்டும் என்று மாணவர்களையே தேட விட்டார்கள். நம் புத்தகத்திலும் வாழ்க்கைக் கணக்கு உண்டு. ஆனால் தேவையான எண்களை மட்டும் அளந்து வைத்திருப்பார்கள். கூட்டவா, பெருக்கவா என்பதுதான் பிள்ளைக்கு மிச்சமிருக்கும் வேலை.

1980 வாக்கில் பிரான்ஸில் சின்னப் பிள்ளைகளிடம் ஒரு கணக்குக் கேட்டார்கள்: கப்பலில் 26 செம்மறியாடு, 10 வெள்ளாடு, கேப்டன் வயது என்ன? 97 பேரில் 76 பேர் அந்த எண்களை வைத்தே வயது சொன்னார்கள். நம்ம பிள்ளைகள் ஏமாறாது என்று எனக்கு ஒரு திமிர். போன மே மாதம் ஆறு பேரிடம் கேட்டேன்: விசைப்படகில் 26 கூடை சங்கரா, 10 கூடை வஞ்சிரம். டிரைவர் வயது என்ன?

ஒரு பையன் உடனே, "இன்னாக்கா, தடைக்காலம் ஓடுது, போட்டே போவாது, மீன் எங்கேர்ந்து வந்துச்சு?" என்றான். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. அவன் அப்பா வீட்டில்தான் இருக்கிறார். பூரித்துப்போனேன். நோட்டைப் பார்த்தால் 36 என்று எழுதி, அடியில் இரண்டு கோடு வேறு போட்டிருக்கிறான். "கணக்குன்னா ஆன்சர் இருக்கும்லக்கா."

யோசிக்கத் தெரியாத பையனா அவன்? 'மொத்தம்னு வந்தா கூட்டு, மீதின்னா கழி' என்று இத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தது நான்தானே.

அப்புறம் தேவையான எண்களில் ஒன்றிரண்டைச் சொல்லாமல் விட்டுக் கணக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு கூடை மீன் ஏலத்தில் 2,400 ரூபாய். ஐஸ், ஆட்டோ 300. கூடையைச் சின்னச் சின்னக் குவியலாகப் பிரித்து விற்றால், ஒரு குவியல், அதாவது ஒரு கூறு, என்ன விலை? மீன் விற்கிறவர் மகள் ஒருத்தி, "எத்தினி கூறுன்னு சொல்லவே இல்லியே" என்றாள். சாயங்காலம் மிஞ்சுவதைப் பாதி விலைக்குத்தான் கேட்பார்களாம், அதையும் சேர்க்க வேண்டுமாம். 18 கூறு, கடைசி 4 பாதி விலை என்று வைத்தோம். அந்த நாலும் முழு விலைக்கு இரண்டுதான், ஆக 16. 2,700ஐ 16ஆல் வகுத்தால் 168 ரூபாய் 75 காசு, அதுவும் வெறும் அசல். "அப்போ 200 சொல்லணும்க்கா, பேரம் பேசுவாங்கல்ல."

ஒரே கணக்குக்கு முக்கால் மணி நேரம். வாய்ப்பாடு வராத இரண்டு பேர் 16ஆல் வகுக்கும் இடத்திலேயே நின்றுவிட்டார்கள். வாய்ப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள். வாரத்தில் ஒரு நாள்தான் இப்படி. அதற்கே ஒரு அம்மா, "கதை பேசவா காசு குடுக்குறேன்" என்று மகனை நிறுத்திவிட்டார்.

நேரம் வீணாவது பற்றிக் கேட்டீர்களே, எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்குள் புகுந்து பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் என் 5 மணி வகுப்பு ஐந்தே முக்கால் ஆகிவிடுகிறது. அதைப் பற்றி யாராவது கேள்வி போடுங்கள், இதைவிட நீளமாக எழுதுகிறேன்.