மழை வருமா என்று பார்க்கத்தான் எடுத்தேன்

(இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செல்போன் புலம்பல். அதனால் அவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். முடி உதிர்வது பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்தருள வேண்டும்.)

கேள்வி: பத்து நிமிடம் பார்க்கலாம் என்று இரவில் போனை எடுக்கிறேன். நிமிர்ந்தால் பன்னிரண்டு மணி. எனக்கு மன உறுதியே இல்லையா?

என்னைவிட உங்களுக்கு அதிகமாகவே இருக்கும். போன மாதம் ஒரு நாள் மாடிக் கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மழை வருமா என்று பார்க்கப் போனை எடுத்தேன். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கலாம், தோன்றவில்லை. வானிலைக்குப் போகிற வழியில் யாரோ ஒருவர் ஒரு சட்டையை மூன்றே நொடியில் மடிக்கிற வித்தையைக் காட்டினார். அடுத்து பேன்ட். அடுத்து போர்வை. அதற்கடுத்து, நான்கு மூலையிலும் எலாஸ்டிக் வைத்துத் தைத்த மெத்தை விரிப்பு. அதை மனிதப் பிறவி மடிக்க முடியாது என்பது என் எண்ணம். அவர் மடித்துவிட்டார். என் மனைவி நனைந்த துணி மூட்டையோடு இறங்கிவந்து எதிரே நின்றபோதுதான் வெளியே கொட்டுகிற சத்தமே எனக்குக் கேட்டது. “இந்தாங்க, இதையும் மடிச்சுக் குடுங்க” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் முடிந்தால் அடியில் ‘அடுத்த பக்கம்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அதற்குக் கை போகிற அந்த ஒரு நொடியில் ‘சரி, போதும்’ என்று தோன்ற இடமிருந்தது. 2006-இல் அசா ராஸ்கின் என்கிற வடிவமைப்பாளர் அந்தப் பொத்தானே வேண்டாம், கீழே இறங்க இறங்க அடுத்தது தானாக வந்து ஒட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு வழி செய்தார். தேடுகிறவருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமே என்ற நல்லெண்ணம்தான். அது எங்கெல்லாம் போய் உட்கார்ந்துகொண்டது என்று பார்த்துவிட்டு, பின்னாளில் அவரே வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. ஒரு காலத்தில் தொலைக்காட்சிகூட இரவானால் கடையைக் கட்டிவிடும். உங்கள் கையில் இருப்பதற்கு அடியே கிடையாது. அடியில்லாத கிணற்றில் வாளியை விட்டுவிட்டுக் கயிறு போதவில்லை என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்கிறீர்கள்.

நான் செய்தது ஒன்றுதான். சார்ஜரைப் படுக்கையறையிலிருந்து பிடுங்கி ஹாலில் மாட்டினேன். போர்வையை விலக்கிக்கொண்டு எழுந்துபோக எனக்குச் சோம்பல். என் மன உறுதி கைவிட்ட இடத்தில் சோம்பல் காப்பாற்றியது.

கேள்வி: தோழிக்கு அனுப்பிய செய்தியில் நீல டிக் விழுந்து இரண்டு நாள் ஆகிறது. பதில் இல்லை. என்னை மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஒரு டிக் என்றால் இங்கிருந்து கிளம்பிவிட்டது. இரண்டு என்றால் அவர் போனுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. நீலம் என்றால் திறந்தார். அவ்வளவுதான். எந்த நிலைமையில் திறந்தார் என்பதற்கு டிக் இல்லை.

வாட்ஸ்அப்பில் இந்த நீலம் வந்தது 2014 நவம்பரில். அதற்கு முன் பதில் வரவில்லையென்றால் பார்த்திருக்கமாட்டார் என்று நமக்கு நாமே சொல்லிக்கொள்ளலாம். கடிதக் காலத்தில் பழியைத் தபால்காரர் மேல் போட்டோம், பாவம். இப்போது பழி போட அந்த ஆளைத் தவிர வேறு யாருமில்லை.

நானும் குற்றவாளிதான். பழைய நண்பர் ஒருவர், வேலையை விட்டுவிட்டது பற்றியும் வீட்டில் இன்னும் சொல்லாதது பற்றியும் நீளமாக எழுதியிருந்தார். வரிசையில் நின்றபடி படித்தேன். இதற்கு இரண்டு வரியில் பதில் போடக்கூடாது, இரவு உட்கார்ந்து எழுதுவோம் என்று வைத்தேன். ஒன்பது நாள் போய்விட்டது. அதே ஒன்பது நாளும் யார் யாரோ அனுப்பிய ‘காலை வணக்கம்’ பூப்படங்களுக்கெல்லாம் உடனுக்குடன் கும்பிடு போட்டிருக்கிறேன். அக்கறை இருந்ததால்தான் தாமதம் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எந்த மன்னிப்புக்கும் அது நல்ல தொடக்கமில்லை.

அமைப்புகளில் போய் நீலத்தை அணைத்துவிடலாம். நீங்கள் அணைத்தால் அடுத்தவருடையதும் உங்களுக்குத் தெரியாது, பண்டமாற்று மாதிரி. குழுக்களில் மட்டும் அது செல்லாது. ஆனால் உங்கள் விஷயத்தில் நான் தோழிக்கு ஒரு போன் போட்டுவிடுவேன்.

கேள்வி: அக்கா அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ் ஏழு நிமிடம். இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பது மரியாதைக் குறைவா?

விஷயம் தெரிய வேண்டுமென்றால் அப்படியே கேளுங்கள். அக்கா எப்படி இருக்கிறார் என்று தெரிய வேண்டுமென்றால் வேண்டாம். அந்த வேகத்தில் பெருமூச்சு மூக்குறிஞ்சல் மாதிரி கேட்கும். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் நிறுத்துகிற இடம் கேட்கவே கேட்காது.

கேள்வி: குடும்பக் குழுவில் மாமா தினமும் தப்பான தகவலை ஃபார்வர்டு செய்கிறார். எல்லோர் முன்னாலும் திருத்தலாமா?

திருத்தினால் தகவல் போகும், கூடவே மாமாவும் போவார். தனியாகச் சொல்லுங்கள். செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்பதற்கு அது அடையாளம். அப்படிப்பட்டதை ஒரு தடவைக்கு ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020 ஏப்ரலில் கட்டுப்பாடும் வந்தது. உங்கள் மாமா ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார் என்றால், அந்த உழைப்பை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

கேள்வி: மகன் எந்நேரமும் காதில் எதையாவது செருகிக்கொண்டு திரிகிறான். கூப்பிட்டால் கேட்பதில்லை. எந்தப் புண்ணியவான் இதைக் கண்டுபிடித்தார்?

ஹெட்போன் ரொம்பப் பழையது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கலாம் என்று ஊருக்கெல்லாம் பழக்கியது 1979-இல் வந்த சோனி வாக்மேன். அதில் எனக்குப் பிடித்த சங்கதி ஒன்று உண்டு. பக்கத்தில் ஆள் இருக்கும்போது ஒருவர் மட்டும் கேட்பது நாகரிகமாக இருக்காதே என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மொரிட்டாவுக்கு ஒரு கவலை. அதனால் முதல் வாக்மேனில் இரண்டு ஹெட்போன் செருகலாம். ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. அழுத்தினால் பாட்டு அடங்கும், உள்ளேயிருக்கும் மைக் வழியாக இரண்டு பேரும் பேசிக்கொள்ளலாம். வாங்கியவர்கள் அவரவர் பாட்டை அவரவர் கேட்டுக்கொண்டு போனார்கள். பின்னால் வந்தவற்றில் அந்தப் பொத்தானைக் காணோம்.

அதட்டாதீர்கள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஒரு பக்கத்தை எனக்குக் கொடு என்று கேளுங்கள். என் மகளிடம் கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சட்டையில் துடைத்துக் கொடுத்தாள். பாட்டு எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை அப்படியே சொல்லிவிட்டேன். அரைமணி நேரம் சண்டை போட்டோம், இரண்டு பேர் காதும் காலியாக.