வீட்டில் கற்பிக்கும் குடும்பங்களுக்கு எந்த ஆரம்பக் கணிதப் பாடத்திட்டம் பொருந்தும்?

சகோதரி, ஏழு வயதாகும் உங்கள் மகனுக்கு வீட்டிலேயே கணிதம் கற்பிக்கப் போவதாகவும், சிங்கப்பூர் கணிதம், சக்ஸன், மேத்-யூ-சீ, ரைட்ஸ்டார்ட் என்று இணையத்தில் புகழப்படும் பாடத்திட்டங்களுள் எதை வாங்குவது என்று தெரியவில்லை என்றும், பண்டாரவளையில் இருந்துகொண்டு அரசாங்கப் பாடநூலை மட்டும் வைத்துச் சமாளிக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையிலும், என் பிள்ளைகளுக்கும் அயலிலுள்ள தோட்டப் பிள்ளைகளுக்கும் இவற்றுள் சிலவற்றை வீட்டில் வைத்துக் கற்பித்தவள் என்ற முறையிலும் பதில் எழுதுகிறேன். அரசாங்கப் பாடத்திட்டத்தை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்கை விளங்கிக்கொள்ளும் முறையைச் சிங்கப்பூரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்குப் பெருந்தொகை செலவிட வேண்டாம். ஒரு பாடத்திட்டம் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும், பிள்ளை எந்த மொழியில் யோசிக்கிறதோ அந்த மொழியில் தாயோ தந்தையோ அதை எடுத்துச் சொல்ல முடியாவிட்டால், அது வீட்டில் பயன்படாது என்பதே என் தீர்மானமான கருத்து.

புத்தகங்களுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயமாகும். ஆகையால் பிள்ளையின் கல்வி எந்த ஏற்பாட்டில் நடக்கிறது என்பதை உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் நேரில் பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். பின்னாளில் மகன் பாடசாலைக்குச் செல்ல நேர்ந்தாலும், தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சாதாரண தரப் பரீட்சை எழுத நேர்ந்தாலும், அவன் எதிர்கொள்ளப்போவது நம் நாட்டுப் பாடத்திட்டத்தைத்தான் என்பதையும் மறக்க வேண்டாம்.

நீங்கள் கேட்ட பாடத்திட்டங்களுக்கிடையே உள்ள முதல் வேறுபாடு, பாடங்களை அடுக்கும் முறையில் இருக்கிறது. சக்ஸன் சுருள் முறையில் அமைந்தது. அமெரிக்க விமானப் படையிலிருந்து ஓய்வுபெற்றுக் கல்லூரியொன்றில் அட்சரகணிதம் கற்பித்த ஜோன் சக்ஸன் தொடங்கிய இந்த வரிசையில், ஒவ்வொரு பாடத்திலும் புதிதாக வருவது சிறு துண்டுதான். பயிற்சியின் பெரும்பகுதி முன்பு படித்த எல்லாவற்றையும் கலந்து திரும்பத் திரும்பச் செய்வதாக இருக்கும். மறதி அதிகமுள்ள பிள்ளைக்கு இது மிகவும் நல்லது. கீழ்வகுப்புப் புத்தகங்களில் ஆசிரியர் சொல்ல வேண்டிய வசனங்கள்கூட எழுதப்பட்டிருப்பதால் கற்பித்துப் பழக்கமில்லாத பெற்றோருக்கு அது துணையாகவும் இருக்கும். ஆனால் அந்த வசனங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அளவைகள் அங்குலம், அடி, அவுன்ஸ் என்று வருகின்றன. காசுப் பாடங்கள் அமெரிக்க நாணயங்களைச் சுற்றியே போகின்றன. நம் ஊர்க் கடையில் இன்றும் ஒரு றாத்தல் பாண் என்று கேட்டு 450 கிராம் பாணை வாங்குகிறோம் என்பது உண்மையே. ஆனாலும் மீற்றரிலும் கிலோகிராமிலும் கணக்குச் செய்ய வேண்டிய பிள்ளைக்கு 12 அங்குலம் ஓர் அடி என்று மனனம் செய்விப்பதில் நான் எந்தப் பயனையும் காணவில்லை.

மேத்-யூ-சீ இதற்கு நேர்மாறானது. ஒரு புத்தகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே விடயம்: அல்பா என்ற புத்தகத்தில் சிறிய எண்களின் கூட்டலும் கழித்தலும், காமாவில் பெருக்கல், டெல்டாவில் வகுத்தல், எப்சிலனில் பின்னம். நிறமூட்டிய கட்டைகளை அடுக்கிப் பிள்ளை கையாலேயே கணக்கைக் கண்டறிகிறது. ஒன்றை முழுதாகத் தேறிய பின்பே அடுத்ததற்குப் போவது மனதுக்கு நிறைவாகத்தான் இருக்கும். எனினும் நம் பாடத்திட்டம் எண், அளவை, வடிவம், காசு, நேரம் ஆகிய எல்லாவற்றையும் ஒவ்வொரு தரத்திலும் சிறிது சிறிதாக வளர்த்துச் செல்வது. காமாவை முடித்த பிள்ளை நடுவில் பாடசாலையில் சேர்ந்தால், பெருக்கலில் வகுப்பையே முந்தி நிற்கும். பின்னத்தில் வகுப்புக்குப் பின்னால் நிற்கும். ஒரு நாள் பாடசாலைக்கு அனுப்பும் எண்ணம் உங்களுக்கு இருக்குமானால் இதைப் பாரதூரமாக எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைகளுக்குப் பதிலாக ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டி வைத்தாலே இடப்பெறுமானம் பிடிபட்டுவிடும். அதைத்தான் நாங்கள் வகுப்பறையில் செய்துவந்தோம்.

ரைட்ஸ்டார்ட் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். ஜோன் கொட்டர் என்ற அம்மையார் உருவாக்கிய அதில் ஐந்து ஐந்தாக நிறம் மாறும் மணிச்சட்டம் ஒன்று உண்டு. எண்ணாமலே தொகையைக் கண்ணால் பிடிக்கப் பிள்ளையைப் பழக்கும் அந்தச் சட்டம் மிகச் சிறந்தது, கம்பியும் மணியும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். பதினொன்றைப் ‘பத்தும் ஒன்றும்’ என்று சொல்லிப் பழக்குவது அதன் இன்னொரு சிறப்பு. ஆங்கில எண்பெயர்களில் அந்த அமைப்பு மறைந்திருப்பதால் அங்கே அது தேவைப்படுகிறது. தமிழில் எண்ணும் பிள்ளைக்குப் பதினொன்றும் இருபத்திரண்டும் தம்மைத் தாமே விளக்கிவிடுகின்றன. தொண்ணூறு, தொள்ளாயிரம் வரும் இடங்களில் மட்டும் சற்று நின்று கற்பியுங்கள்.

சிங்கப்பூர் முறைக்கு நான் கூடுதல் இடம் தருவதற்குக் காரணம் உண்டு. 1980களில் அந்த நாட்டின் கல்வி அமைச்சு தன் பிள்ளைகளுக்காகவே எழுதுவித்த பாடநூல்களிலிருந்து வளர்ந்த முறை இது. 1995ஆம் ஆண்டின் டிம்ஸ் சர்வதேச ஒப்பீட்டில் சிங்கப்பூர் மாணவர்கள் நான்காம், எட்டாம் தரங்கள் இரண்டிலும் கணிதத்தில் முதலிடம் பெற்ற பிறகே வெளிநாட்டுப் பெற்றோர் இதைத் தேடத் தொடங்கினர். முதலில் பொருள், பிறகு படம், அதன் பிறகே குறியீடு என்பது அதன் ஒழுங்கு. அதிலும் நடுவில் உள்ள படம்தான் நம் வகுப்பறைகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. ஈர்க்கிலிருந்து நேரே எண்ணுக்குத் தாவிவிடுகிறோம், வசனக் கணக்கு வந்ததும் பிள்ளை திகைத்து, “டீச்சர், இது கூட்டலா, கழித்தலா?” என்று கேட்கிறது.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஓர் அம்மா காலையிலும் மாலையிலும் சேர்த்து 22 கிலோ தேயிலைக் கொழுந்து எடுத்தார். காலையில் எடுத்தது மாலையில் எடுத்ததைவிட 4 கிலோ அதிகம். மாலையில் எத்தனை கிலோ? ‘அதிகம்’ என்ற சொல்லைக் கண்டதும் கூட்டச் சொல்லிப் பழகிய பிள்ளை 26 என்று எழுதும். இன்னொரு பிள்ளை 22ஐப் பாதியாக்கி 11 என்று நிறுத்திவிடும். சிங்கப்பூர் முறையில் அடிமட்டத்தை வைத்து ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு பட்டைகள் வரைவார்கள். மேலே உள்ளது காலை, கீழே உள்ளது மாலை. மேற்பட்டை 4 கிலோ அளவுக்கு வெளியே நீண்டு நிற்கும். அந்த நீட்சியை வெட்டிவிட்டால் எஞ்சுவது 18, அது இரண்டு சம பட்டைகள், ஆகவே மாலையில் 9, காலையில் 13. பிள்ளை எந்தச் சொல்லையும் பிடித்துக்கொண்டு ஊகிக்கவில்லை. அளவுகளுக்கிடையே உள்ள தொடர்பைக் கண்ணால் பார்த்துவிட்டது. கொழுந்து மடுவத்தில் தராசைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கில் அந்நியமாக எதுவும் இல்லை.

இதே பட்டைதான் தரம் 5இல் பின்னத்துக்கும் உதவுகிறது. சம்பளத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கடைக்குக் கொடுத்த பிறகு 9,000 ரூபா மிஞ்சியது என்றால், பட்டையை ஐந்து கட்டங்களாகப் பிரித்து மூன்று கட்டங்கள் 9,000, ஒரு கட்டம் 3,000, முழுச் சம்பளம் 15,000 என்று பிள்ளை சொல்லிவிடும். அட்சரகணிதம் படிக்காத வயதில் அதன் சிந்தனை முறையைப் பெற்றுவிடுகிறது. புலமைப்பரிசில் பரீட்சைக்கென்று மாதிரி வினாத்தாள்களைக் குவித்து விடைகளை மனனம் செய்விப்பதைவிட இந்த ஒரு பழக்கம் நீண்டகாலம் நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதற்காகச் சிங்கப்பூர்ப் புத்தகத் தொகுதி முழுவதையும் வரவழைக்க வேண்டுமா? வேண்டாம். பாடநூல், பயிற்சிநூல், பெற்றோருக்கான வழிகாட்டி என்று தரத்துக்குத் தரம் வாங்க வேண்டியிருக்கும். புத்தக விலையோடு தபால் செலவும் சேர்ந்தால் மலையகத்துச் சாதாரணக் குடும்பத்துக்கு அது தாங்காது. பட்டை வரையும் முறையைப் பெற்றோர் ஒருமுறை நன்றாக விளங்கிக்கொண்டால், நம் பாடநூலில் உள்ள எந்த வசனக் கணக்குக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

விலையின்றிக் கிடைப்பவற்றுள் பிரித்தானியாவின் எம்.இ.பி. (Mathematics Enhancement Programme) என்ற கணிதத் திட்டத்தை நான் மதிக்கிறேன். ஹங்கேரியின் கணிதக் கற்பித்தலைப் பின்பற்றிய அந்தத் திட்டத்தில் பயிற்சி ஏடுகளோடு ஒவ்வொரு நாளுக்குமான பாடக் குறிப்பும் இணையத்தில் உண்டு. சிறிய எண்களிலேயே நெடுநேரம் நின்று, எண்கோடு, புதிர், விடுபட்ட எண் என்று யோசிக்க வைப்பது அதன் இயல்பு. அளவைகள் மெட்ரிக் முறையில் இருப்பதால் பவுணை ரூபாவாக மாற்றினாலே போதும். குறிப்புகள் ஆங்கிலத்தில் இருந்தாலும் பயிற்சிப் பக்கங்களில் வசனம் குறைவு. நீங்கள் முதல் நாள் இரவு வாசித்துவிட்டு மறுநாள் தமிழில் நடத்தலாம். பீஸ்ட் அகடமி, லைஃப் ஒஃப் ஃபிரெட் போன்றவை கதையாகவே எழுதப்பட்டவை. ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும் பிள்ளைக்கே அவை சுவைக்கும். தமிழில் படிக்கும் ஏழு வயதுப் பிள்ளைக்கு இப்போது தேவையில்லை.

தமிழ்நாட்டு அரசின் பாடநூல்களும் இலவசமாகத் தரவிறக்கக் கிடைக்கின்றன. தமிழிலேயே இருப்பதாலும், ரூபாவும் மெட்ரிக் அளவைகளும் வருவதாலும் கூடுதல் பயிற்சிக்கு நல்லவை. அங்கே இடமதிப்பு, எடை, மீட்டர் என்று இருப்பது இங்கே இடப்பெறுமானம், நிறை, மீற்றர் என்று வரும். பயிற்சி கொடுக்கும்போது நம் பாடநூலின் சொல்லையே சொல்லிக்கொடுங்கள்.

இனி நம் அரசாங்கப் பாடநூல். 1980 முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டு வரும் இந்நூல்களைக் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும் பெறலாம். இதன்மீது பெற்றோர் சொல்லும் குறை, பக்கத்தில் விளக்கம் போதாது என்பது. குறை நியாயமானது, ஏனெனில் வகுப்பில் ஓர் ஆசிரியர் நின்று விளக்குவார் என்ற எண்ணத்திலேயே அந்நூல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த விளக்கம் இருப்பது மகரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் ஆசிரியர் வழிகாட்டியில். பாடநூலை வைத்துக்கொண்டு வழிகாட்டியைத் தேடாமல் விட்ட பெற்றோரே நான் பார்த்தவர்களுள் அதிகம். செயற்பாடுகள், அவற்றின் ஒழுங்கு, பிள்ளை எதை அடைந்திருக்க வேண்டும் என்ற தேர்ச்சிகள் ஆகியவற்றை அதைப் படித்தே அறிய வேண்டும்.

வழிகாட்டி கையில் இருந்தாலும் வகுத்தலில் மட்டும் நீங்களாகச் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டும். 12 பிஸ்கட்டை 3 பேருக்குப் பங்கிடுவதும், 12 பிஸ்கட்டை மும்மூன்றாகக் கட்டி எத்தனை கட்டு என்று பார்ப்பதும் இரு வேறு செயல்கள். வீட்டில் பெரும்பாலும் பங்கிடுவதை மட்டுமே செய்து காட்டுகிறோம். பிற்காலத்தில் 6ஐ அரையால் வகுக்கச் சொன்னால், அரைப் பேருக்கு எப்படிப் பங்கிடுவது என்று பிள்ளை விழிக்கும். கட்டும் முறையில் பழகிய பிள்ளையோ ஆறில் எத்தனை அரை இருக்கிறது என்று கேட்டு 12 என்று சொல்லிவிடும். இரண்டையும் இப்போதே பட்டை வரைந்து காட்டிவிடுங்கள்.

நடைமுறையில், தரவிறக்கும் வேலைகளை நல்ல சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரே தடவையில் முடித்து, வேண்டிய பக்கங்களை மட்டும் போட்டோ கொப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்கில் உள்ள லயங்களில் காணொளிப் பாடத்தை நம்பி ஒரு திட்டத்தைத் தொடங்குவது வீண் மனவருத்தம் தரும். பாடத்திட்டத்தை ஆண்டின் நடுவில் மாற்றாதீர்கள். வாய்பாட்டை விட்டுவிடவும் வேண்டாம். விளங்கிய பின் மனனம் செய்தால் அது பாரமாக இருக்காது. மகன் எங்கே நிற்கிறான் என்று அறிய, தரம் 2 பாடநூலின் கடைசிப் பகுதியிலிருந்து சில கணக்குகளைக் கொடுத்து, விடையைச் சொல்லச் சொல்லாமல் எப்படிச் செய்தான் என்று தமிழில் சொல்லச் சொல்லுங்கள். அதில் தடுமாறினால் தரம் 3க்குப் போகாமல், அந்த இடத்திலிருந்தே ஈர்க்கோடும் பட்டையோடும் தொடங்குங்கள்.