சக்கரம் பேசுவோம்: மழைக்கு மொட்டை டயர் வழுக்குமா?

கேள்வி: அண்ணே, வீடு தெம்பனிஸ், வேலை லோயாங். நண்பர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போன மவுண்டன் பைக்கில்தான் வேலைக்குப் போய் வருகிறேன். 26 அங்குலச் சக்கரம். டயர் முழுக்க மொட்டு மொட்டாக ரப்பர். உர்ரென்று சத்தம், கால் கடுப்பு வேறு. ரோட்டு டயர் போடலாம் என்றால், கூட வேலை செய்பவர்கள் “மொட்டை டயர் மழைக்கு வழுக்கும், போடாதே” என்கிறார்கள். என்ன அளவு, என்ன டயர் வாங்குவது? என் எடை 80 கிலோ.
- தெம்பனிஸ் வாசகர்

பதில்: உங்கள் கூட்டாளிகள் காரை மனத்தில் வைத்துச் சொல்கிறார்கள். கார் டயர் அகலம். வேகமாகப் போகும்போது அடியில் தண்ணீர் மாட்டிக்கொண்டு டயரையே தூக்கிவிடும். அந்தத் தண்ணீரை வெளியே தள்ளத்தான் அதில் வரிப்பள்ளங்கள். சைக்கிள் டயரோ ஒடுக்கம், அடிப்பக்கம் உருண்டை, உள்ளே காற்றழுத்தமும் கூடுதல். நாம் போகிற வேகத்தில் தண்ணீர் தானாகவே இரண்டு பக்கமும் ஒதுங்கிவிடும். தார் ரோட்டைப் பிடிப்பது வரியல்ல, ரப்பர்தான். உங்கள் டயரில் மொட்டுகளின் நுனி மட்டுமே தரையைத் தொடுகிறது. வளைவில் சாய்ந்தால் அதுவும் நெளிந்து கொடுக்கும். ஆக, மழைக்கும் வழுவழு டயர்தான் நல்லது. தேய்ந்துபோன மொட்டை டயரைச் சொல்லவில்லை, வழுவழுப்பாகவே செய்து வருகிற புது டயரைச் சொல்கிறேன்.

மழையில் ஆளைக் கீழே தள்ளுவது வேறு சில: லொங்காங் (சாக்கடை) இரும்பு மூடி, ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, நடைபாதை முடியும் இடத்தில் பதித்த புடைப்பு ஓடு, சிறு பாலங்களின் மரப்பலகை. இவற்றின்மேல் எந்த டயரையும் நம்பாதீர்கள். பிரேக்கைத் தொடாமல், ஹேண்டில்பாரைத் திருப்பாமல் நேராகத் தாண்டுங்கள்.

சரி, அளவு. ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்தால் எழும்பிய எழுத்தில் 26 x 2.10 என்பது போல ஒன்று தெரியும். பக்கத்திலேயே 54-559 என்று இன்னொன்று, சின்னதாக இருக்கும். கடையில் இந்தச் சின்ன எண்ணைச் சொல்லுங்கள். முதலில் வருவது டயரின் அகலம், அடுத்தது ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். 26 அங்குல மவுண்டன் பைக்குக்கு 559, 27.5க்கு 584, 29க்கு 622. அகலம் மாறலாம், விட்டம் மாறக்கூடாது. 26 x 1 3/8 என்று பின்னத்தில் போட்ட டயர் வேறு வகைச் சைக்கிளுக்கு, அதன் விட்டம் 590. அதிலும் 26 இருக்கிறதே என்று இணையத்தில் மலிவாக வாங்கி, ரிம்மில் நிற்காமல் தொளதொளக்கிறது என்று என்னிடம் தூக்கி வருகிறவர்கள் இன்றும் உண்டு.

உங்களுக்கு 26 x 1.75, அதாவது 47-559. இன்னும் ஒல்லியாக 1.25 போட்டால் பறக்கலாம் என்று யாராவது ஆசை காட்டுவார்கள். பறந்து எங்கே போவது? சிங்கப்பூரில் பூங்கா இணைப்புப் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர், அதற்குமேல் போனால் சட்டப்படி குற்றம். 80 கிலோ ஆளோடு ஒல்லி டயர் நடைபாதை விளிம்பில் மோதினால், டியூப் ரிம்மோடு நசுங்கிப் பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும்.

லோயாங் பக்கம் லாரிகள் அதிகம். ரோட்டோரத்தில் கண்ணாடித் துண்டும் கம்பி நுனியும் கிடக்கும். அதனால் உள்ளே பஞ்சர் தடுப்புப் பட்டை வைத்த டயராக வாங்குங்கள். ஷ்வால்பே மாரத்தான் போதும். மாரத்தான் பிளஸ்ஸில் 5 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தடுப்பு அடுக்கு உண்டு, பஞ்சர் அபூர்வம். ஆனால் கனம், ரிம்மில் ஏற்றுவதற்குள் கட்டைவிரல் கழன்றுவிடும். வழியில் நின்று டியூப் மாற்ற எனக்குப் பொறுமையே இல்லை என்கிறவர்களுக்கு மட்டும் அது.

காற்று பின்னால் 55 பிஎஸ்ஐ, முன்னால் 45 வைத்துத் தொடங்குங்கள். பெட்ரோல் நிலையக் கருவி ‘பார்’ கணக்கில் காட்டினால் 3.8, 3.1. மழை நாளில் கொஞ்சம் குறைத்தால் பிடி கூடும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் ஃபோர்க்கைப் பூட்டும் திருகு இருந்தால் பூட்டிவிடுங்கள். மிதிக்கிற பலத்தில் பாதியை அது குதித்தே தின்னும் என்று சிலர் சொல்வது மிகை, ஆனாலும் தின்னத்தான் செய்யும்.

கேள்வி: 2.1 டயரைக் கழற்றி 1.5 போட்டதிலிருந்து அடிக்கடி பஞ்சர். டயரைத் தடவிப் பார்த்தால் ஒன்றுமே குத்தியிருக்கவில்லை. டியூப் பழையதுதான்.
- ஜூரோங் வாசகி

பதில்: டியூப்பில் ஓட்டை எந்தப் பக்கம் என்று பாருங்கள் அம்மா. தரைப் பக்கம் என்றால் ஏதோ குத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கம்பி நுனிகூட இருக்கலாம், டயருக்குள் பஞ்சைத் தேய்த்துப் பாருங்கள், மாட்டும். ரிம் பக்கம் என்றால், ரிம்மில் சக்கரக் கம்பித் துளைகளை மூடியிருக்கும் நாடா விலகி, துளை விளிம்பு டியூப்பை அறுக்கிறது. ஒல்லி டயருக்குக் காற்றழுத்தம் கூட்டியிருப்பீர்கள், அதனால் இப்போதுதான் வெளியே வந்திருக்கும். இரண்டும் இல்லை, ஒரு மடிப்பின்மேல் ஓட்டை என்றால் அகல டியூப் இடமில்லாமல் உள்ளே மடிந்து கிடக்கிறது. டியூப் பெட்டியில் எந்த அகலம் முதல் எந்த அகலம் வரை என்று போட்டிருக்கும். அதில் 1.5 அடங்குகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அப்புறம், டயரின் பெயர் எழுதிய இடம் வால்வுக்கு நேராக வருமாறு மாட்டுங்கள். அடுத்த பஞ்சரில் டியூப் ஓட்டையை வைத்தே டயரில் எந்த இடம் என்று பிடித்துவிடலாம்.

கேள்வி: வார நாளில் வேலைக்கு, ஞாயிறு உபின் தீவுக்கு. ஒரே டயர் இரண்டுக்கும் ஆகுமா?
- பிடோக் வாசகர்

பதில்: உபினில் எங்கே? கிராமத்துத் தார் ரோடும் சரளைப் பாதையும்தான் என்றால், 1.75 வழுவழு டயரில் 10 பிஎஸ்ஐ குறைத்துக்கொண்டு போய் வரலாம். கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்கா என்றால் முடியாது. ஈரச் செம்மண் சரிவில் மொட்டு டயருக்கு மாற்று கிடையாது. நடுவில் வழுவழுப்பு, ஓரத்தில் மொட்டு என்று கலப்பு டயர் விற்கிறார்கள். எனக்கு அதில் பிடிப்பில்லை: ரோட்டில் கனம், சேற்றில் அரைகுறை. கழற்றிய பழைய மொட்டு டயர் ஜோடியைத் தூக்கிப் போடாமல், கெத்தாம் போகிற வாரம் சனிக்கிழமை இரவு மாற்றிக்கொள்ளுங்கள். மற்ற நாளில் வெயில் படாத இடத்தில் வைக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாசலில் மட்டும் வேண்டாம், நகர மன்றத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போவார்கள்.